குழந்தையின் சினமும் ஆசிரியரின் பணியும்

நண்பகல் உணவு முடிந்து மாணவர்கள் வகுப்பறைக்குத் திரும்பும் வேளை. இரண்டாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் தன் பென்சிலைக் காணாது தேடுகிறான். அடுத்திருப்பவன் கையில் அதைக் கண்டதும், ஒரு சொல்லும் கேளாமல் பாய்ந்து பறிக்கிறான். அவன் தர மறுக்கவே, இவன் அவனை அடித்துவிட்டுத் தன் நோட்டையும் தரையில் வீசி எறிகிறான். ஆசிரியர் உரத்த குரலில் அதட்டுகிறார்; சிறுவனின் அழுகை மேலும் பெருகுகிறது; இறுதியில் அவன் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்படுகிறான். நம் நாட்டின் எந்த மாநிலத்தில் ஆசிரியப் பணி புரிவோருக்கும் இக்காட்சி புதிதன்று.

இந்நிகழ்ச்சியில் அச்சிறுவன் கற்றது யாது? கூட்டல் கணக்கில் தவறும் மாணவனுக்கு நாம் கணக்கை மறுபடியும் போட்டுக் காட்டுகிறோம். எழுத்தைத் தலைகீழாக எழுதும் குழந்தையின் கையைப் பிடித்து எழுதுவிக்கிறோம். சினத்தை ஆளத் தெரியாத குழந்தையை மட்டும், தெரிந்திருந்தும் வேண்டுமென்றே தவறு செய்பவனாகக் கருதித் தண்டிக்கிறோம். ஆனால் உணர்ச்சியை ஆளுதலும், தன் தேவையைப் பிறருக்குச் சொல்லால் உணர்த்துதலும், எழுத்தையும் எண்ணையும் போலவே படிப்படியாகக் கற்கப்படும் திறன்கள் என்பது இக்கால உளநூலாரின் துணிபு. அத்திறன்கள் எவ்வாறு உண்டாகின்றன, வகுப்பறையில் அவற்றை எவ்வாறு வளர்க்கலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உடலில் நிகழ்வது என்ன?

சினமும் அச்சமும் உள்ளத்தில் மட்டும் நிகழ்வன அல்ல. வெகுளி, அச்சம், அழுகை, உவகை முதலிய எட்டு உணர்ச்சிகளைத் தொல்காப்பியம் 'மெய்ப்பாடு' என்னும் பெயரால் வழங்குகிறது. மெய்யின்கண், அதாவது உடலின்கண், புலப்படுவது என்பது அதன் பொருள். மேலும், அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக, ஒருவன்மேல் அதிகாரம் உடைய 'இறை'யையும் அந்நூல் எண்ணுகிறது. வகுப்பறையில் அவ்விடத்தை வகிப்பவர் ஆசிரியரே என்பதை நாம் மறத்தலாகாது.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றின்போது உடலில் உண்டாகும் மாறுதல்களை விளக்கினார். சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. கல்லீரல் தன்பால் சேமித்துள்ள சர்க்கரையை வெளிவிடுகிறது. தசைகளுக்கு இரத்தம் மிகுதியாகச் செல்கிறது. எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் இவ்வாறு ஆயத்தமாகிறது. பென்சிலை இழந்த சிறுவனின் உடலிலும் நிகழ்வது இதுவே.

மூளையின் உட்புறத்தில் வாதுமைக் கொட்டையின் வடிவில் அமைந்த அமிக்டலா என்னும் பகுதி, ஆபத்தின் குறிகளை விரைந்து உணர்வதில் பங்கு கொள்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்னெற்றிப் புறணி, எழுந்த தூண்டுதலைத் தடுத்து நிறுத்தவும், விளைவை எண்ணிப் பார்க்கவும் உதவுகிறது. இப்பகுதி முழு முதிர்ச்சி அடைய ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே, ஏழு வயதுக் குழந்தையிடம் முதிர்ந்தோருக்கு உரிய கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது, நாற்றங்காலில் கதிரை எதிர்பார்ப்பது போலாகும். சினம் பொங்கி நிற்கும் நேரத்தில் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று வினவினால் குழந்தையால் விடை கூற இயலாது. விடை கூறுதற்கு வேண்டிய ஆற்றலே அப்போது தளர்ந்து நிற்கிறது. அறிவுரைக்கு உரிய நேரம் அதுவன்று.

அடக்குதலும் ஆளுதலும்

உணர்ச்சியை வெளியே காட்டாதிருத்தலையே ஒழுக்கம் என்று கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. கைகட்டி, வாய்பொத்தி இருக்கும் வகுப்பு நல்ல வகுப்பு எனப் பாராட்டப்படுகிறது. இது பற்றி ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்னும் உளநூல் அறிஞர்கள் 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று கருதத்தக்கது. அருவருப்பூட்டும் திரைப்படக் காட்சியைக் கண்டவர்களுள் ஒரு சாராரிடம், தம் உணர்ச்சி முகத்தில் தோன்றாவண்ணம் மறைக்குமாறு கூறப்பட்டது. அவர்களுடைய வெளித்தோற்றம் அடங்கியது. ஆயினும் தோலின் வியர்வை மிகுதல் போன்ற உட்கிளர்ச்சிக் குறிகள் கூடவே செய்தன.

இச்சோதனை முதிர்ந்தோரிடம் நடத்தப்பட்டது. எனினும், ஆசிரியருக்கு இது தரும் எச்சரிக்கை தெளிவானது. ஓசையின்றி அமர்ந்திருக்கும் குழந்தை அமைதியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடலாகாது. நோட்டை வீசி எறிபவன் ஆசிரியரின் கண்ணில் உடனே படுகிறான். கடைசி வரிசையில் எவருடனும் பேசாது, கேட்ட கேள்விக்குத் தலை கவிழ்ந்து நிற்கும் சிறுமி படுவதில்லை. உதவி இருவருக்குமே தேவை.

பிறர் துணையால் பெறும் அமைதி

பிறந்த குழந்தை தன் அழுகையைத் தானே நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் மிகக் குறைவாக உடையது. தாய் எடுத்து அணைத்து, மெல்ல ஆட்டி, இதமான குரலில் பேசும்போது அது அமைதி அடைகிறது. எட்வர்டு டிரானிக் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1978-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை நன்கு காட்டியது. குழந்தையுடன் கொஞ்சி விளையாடிக்கொண்டிருந்த தாய், சிறிது நேரம் எவ்வித உணர்ச்சியும் காட்டாது முகத்தை அசைவின்றி வைத்துக்கொள்ளுமாறு செய்யப்பட்டாள். குழந்தை முதலில் தாயின் கவனத்தை மீட்க முயன்றது. அது பயன்படாமற்போகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்தது. பிறர் முகத்திலிருந்தே குழந்தை தன் அமைதியைப் பெறுகிறது என்பது இதனால் விளங்கும்.

ரஷ்ய அறிஞர் லெவ் விகாட்ஸ்கி (1896–1934) குழந்தையின் மனவளர்ச்சிக்கு ஒரு பொது விதி கூறினார். எந்த உயர்ந்த மன ஆற்றலும் முதலில் இருவருக்கிடையே நிகழ்வதாகவும், பின்னரே ஒருவருக்குள் நிகழ்வதாகவும் அமையும் என்பது அவர் கருத்து. கடினமான வேலையைச் செய்யும் சிறு குழந்தை தனக்குத் தானே உரக்கப் பேசிக்கொள்வதை நாம் காண்கிறோம். பெரியவர் தன்னிடம் கூறிய சொற்களையே அது இப்போது தனக்குக் கூறிக்கொள்கிறது. காலப்போக்கில் அப்பேச்சு ஒலியின்றி உள்ளே சென்று எண்ணமாகிறது. ஆகவே, இன்று ஆசிரியர் எந்தக் குரலில் பேசுகிறாரோ, அக்குரலையே நாளை குழந்தை தன் உள்ளத்தில் கேட்கும்.

இங்கே இனிப்பு மிட்டாய்ச் சோதனையைக் குறிப்பிடல் பொருந்தும். 1960-களின் பிற்பகுதியில் தொடங்கி, ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்பார் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் இதனை நடத்தினார். முன்னால் உள்ள தின்பண்டத்தை உடனே உண்ணாமல் காத்திருந்தால், பின்னர் அதிகம் கிடைக்கும் என்று குழந்தையிடம் கூறப்பட்டது. பண்டத்தையே நோக்கிக்கொண்டிருந்த குழந்தைகளால் நெடுநேரம் காத்திருக்க இயலவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டும், பாட்டுப் பாடியும், வேறொன்றை எண்ணியும் தம் கவனத்தை மாற்றிக்கொண்டவர்கள் நீண்ட நேரம் பொறுத்தனர். பொறுமைக்கும் கற்பிக்கத்தக்க உபாயங்கள் உண்டு என்பது இதனால் புலனாயிற்று.

அவ்வாறு பொறுத்த குழந்தைகளே பிற்காலத்தில் கல்வியில் சிறந்தனர் என்னும் கருத்தும் வெகுவாகப் பரவிற்று. ஆனால் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஆராய்ச்சியில், அத்தொடர்பு முன்பு கருதியதைவிடச் சிறிது என்பதும், குடும்பச் சூழலையும் இளமையில் பெற்ற அறிவுத்திறனையும் கணக்கிற் கொண்டால் மேலும் பெரிதும் குறைகிறது என்பதும் தெரிய வந்தன. ஆகவே, ஒரு நாளைய பொறுமையின்மையைக் கொண்டு குழந்தையின் எதிர்காலத்தை அளத்தல் தவறாகும்.

ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட சோதனை இன்னும் நுட்பமானது. அதில் பங்கு பெற்ற குழந்தைகள் 28 பேர். படம் வரைவதற்கு நல்ல வண்ணப் பொருள்களைக் கொண்டுவருவதாக ஒருவர் அவர்களுக்கு வாக்களித்தார். 14 குழந்தைகள் மட்டில் அவர் வாக்கைக் காத்தார். ஏனைய 14 பேரிடம் வெறுங்கையுடன் திரும்பி வந்தார். பின்னர் மிட்டாய்ச் சோதனை நடத்தியபோது, வாக்குக் காக்கப்பட்டவர்கள் சராசரியாகச் சுமார் 12 நிமிடங்களும், ஏமாற்றப்பட்டவர்கள் சுமார் 3 நிமிடங்களுமே காத்திருந்தனர். சிறிய சோதனையே எனினும் இதன் படிப்பினை பெரிது. "உன் முறை வரும், பொறு" என்று கூறும் ஆசிரியர், அம்முறையை உண்மையாகவே வரச் செய்தல் வேண்டும். நம்பிக்கை இல்லாத இடத்தில் பொறுமை விளையாது.

உணர்ச்சிக்குப் பெயரிடுதல்

மாத்யூ லீபர்மன் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சினமோ அச்சமோ தோன்றும் முகப் படங்களைக் கண்டோர் அவ்வுணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தபோது, அமிக்டலாவின் கிளர்ச்சி தணிந்ததும், முன்னெற்றிப் புறணியின் ஒரு பகுதி மிகுதியாகச் செயற்பட்டதும் காணப்பட்டன. உணர்ச்சிக்குப் பெயரிடுதலே அதனை ஆளுதலின் ஒரு படி என்று இதனைக் கொண்டு கூறலாம்.

தமிழில் சினம், எரிச்சல், ஆத்திரம், பிணக்கு, ஏமாற்றம், பொறாமை, வெட்கம் எனச் சொற்கள் பல உள. 'கோபம்' என்னும் ஒரு சொல்லையே அறிந்த குழந்தைக்கு எல்லாத் துன்பமும் கோபமாகவே தோன்றும். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்படாததால் எழுந்தது வருத்தம் என்றும், நண்பன் புதுச் சட்டை அணிந்து வந்ததைக் கண்டு எழுந்தது பொறாமை என்றும் பிரித்தறியும் குழந்தை, அவ்வவற்றிற்கு உரிய பரிகாரத்தையும் தேட இயலும். கதை சொல்லும்போது, "முயலுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும்?" என்று வினவி இச்சொற்களை இயல்பாகவே பயிற்றலாம்.

பல மொழிகள் வழங்கும் நம் நாட்டில் இவ்விடத்தில் ஒரு பெரிய தடை குறுக்கிடுகிறது. வீட்டில் சந்தாலியோ கோண்டியோ பேசும் குழந்தை, பள்ளியில் நுழைந்த அன்றே தன் உணர்ச்சிச் சொற்கள் யாவற்றையும் வாயிலில் விட்டுவர நேர்கிறது. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்பதைக் கூறப் பள்ளி மொழியில் சொல் இல்லாதபோது, அழுகையோ அடியோ மௌனமோதான் அதன் மொழியாகிறது. அதனை முரட்டுத்தனம் என்றோ மந்த புத்தி என்றோ கொள்வது பெரும் பிழை. ஒடிசா மாநிலத்தில் 2006–07-ஆம் ஆண்டில் பழங்குடி மொழிகள் பத்தில் தொடக்கக் கல்வி அளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும், இயலுமிடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையேனும் தாய்மொழியே பயிற்று மொழியாதல் வேண்டும் என்கிறது. அவ்வசதி இல்லாத பள்ளியிலும், பயம், பசி, வலி, வருத்தம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் ஐந்தாறினைக் குழந்தையின் மொழியில் ஆசிரியர் கற்றுக்கொள்ளல் கடினமன்று.

முறை வைத்துப் பேசுதல்

உரையாடல் பந்து விளையாட்டை ஒத்தது. ஒருவர் எறிய மற்றவர் பிடித்தல் வேண்டும். உலகின் பத்து மொழிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, ஒருவர் வினவி முடித்ததற்கும் மற்றவர் விடை தொடங்குவதற்கும் இடையே உள்ள காலம் சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கே. இவ்வளவு விரைவாகச் சொல்லைத் தேர்ந்து, தன் முறையையும் அறிந்து பேசுதல் குழந்தைகட்கு அரிது. ஆகவேதான் அவர்கள் இடைமறிக்கிறார்கள், அல்லது பேசாதே இருந்துவிடுகிறார்கள்.

வகுப்பறையில் மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் செய்த ஆராய்ச்சி பயனுடையது. ஆசிரியர்கள் வினாவை எழுப்பியபின் பெரும்பாலும் ஒரு வினாடியளவே காத்திருந்து, உடனே வேறொருவரை அழைத்தோ தாமே விடை கூறியோ விடுவதை அவர் கண்டார். அக்காலத்தை மூன்று வினாடிகளாக நீட்டியபோது, விடைகள் நீண்டன. முன்பு பேசாதிருந்த மாணவர்களும் பேசலாயினர். இதற்குச் செலவு ஏதுமில்லை. வினவியபின் மனத்துள் மூன்று வரை எண்ணினாற் போதும்.

விளையாட்டுகளும் துணை புரியும். வட்டமாக அமர்ந்து, ஒரு கல்லையோ பந்தையோ கைமாற்றி, அதனைக் கையில் உடையவர் மட்டும் பேசும் விளையாட்டு முறையறிதலைப் பயிற்றும். 1939-இல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றில் பயிற்சி வகுப்பு நடத்திய மரியா மாண்டிசோரி, மௌனத்தையே ஒரு பாடமாக அமைத்தார். குழந்தைகள் அசைவின்றி அமர்ந்து, மெல்லிய குரலில் தம் பெயர் அழைக்கப்படுவதற்காகச் செவி கொடுத்துக் காத்திருப்பர். அங்கே மௌனம் ஆணைக்கு அஞ்சியதன்று. குழந்தைகள் கூடி ஆக்கியது.

எல்லாக் குழந்தைகளும் ஒரே முறையில் உரையாடுவதில்லை என்பதும் நினைவில் இருத்தல் வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. அத்தகைய குழந்தையை, கண்ணை நோக்கிப் பேசுமாறு வற்புறுத்தல் தகாது. கைகளை அசைத்தலும் உடலை ஆட்டுதலும் அதற்கு அமைதி தரும் வழிகளாக இருக்கக்கூடும். படங்களின் வாயிலாகவோ சைகையாலோ அது தன் கருத்தைத் தெரிவிக்குமாயின், அதனையும் பேச்சாகவே ஏற்றல் வேண்டும். அழைத்தும் திரும்பாத குழந்தைக்குக் காது கேளாமை உண்டோ என்பதையும் முதலிலேயே ஆராய்தல் நலம்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றை முன்னர்ச் செய்வன, அப்போது செய்வன, பின்னர்ச் செய்வன என மூன்றாக வகுத்துக்கொள்ளலாம்.

முன்னர்ச் செய்வன: அன்றாட வேலைகளின் வரிசையைக் கரும்பலகையில் படங்களாக வரைந்து வைத்தால், அடுத்து என்ன என்னும் கலக்கம் குறையும். பசி, உறக்கமின்மை, வெப்பம், இரைச்சல் ஆகியவை சினத்தைத் தூண்டுவன. ஆகவே எந்நேரத்தில் சண்டைகள் மிகுகின்றன என்பதை ஒரு வாரம் குறித்துப் பார்த்தால் காரணம் புலப்படக்கூடும். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றே தாழ்வது உடலியலில் நன்கறியப்பட்டது. பூவை முகர்வது போல மூச்சை இழுத்து, சூடான பாலை ஊதி ஆற்றுவது போல மெல்ல வெளிவிடும் பயிற்சியை, அமைதியான வேளையிலேயே கற்பித்தல் வேண்டும். வெள்ளம் வந்தபின் நீச்சல் கற்பிக்க இயலாது.

அப்போது செய்வன: முதலில் எவருக்கும் காயம் நேராவண்ணம் குழந்தைகளை விலக்குக. குரலைத் தாழ்த்தி, குழந்தையின் உயரத்திற்குக் குனிந்து, சில சொற்களே பேசுக. "பென்சில் போய்விட்டது, உனக்குக் கோபம் வந்துவிட்டது, நான் உன் பக்கத்தில் இருக்கிறேன்" என்பது போதும். ஓரத்தில் ஒரு பாய் விரித்து, அங்கே அமர்ந்து இளைப்பாற இடம் தரலாம். ஆனால் அது தண்டனைக்கு உரிய இடமாக மாறலாகாது. பிற மாணவர்கள் முன்னிலையில் நாணச் செய்தல் எரியும் தீயில் நெய் ஊற்றுவதாகும்.

பின்னர்ச் செய்வன: குழந்தை தெளிந்தபின் மட்டுமே பேசுக. என்ன நடந்தது, உடலில் எங்கே எப்படி இருந்தது, மற்றவனுக்கு எப்படி இருந்திருக்கும், அடுத்த முறை என்ன சொல்லலாம் என்று கேட்டு, "அது என் பென்சில்; திருப்பிக் கொடு" என்னும் வாக்கியத்தை இருவரும் சொல்லிப் பழகச் செய்க. எறிந்த நோட்டை எடுத்து அடுக்குவதும், அடிபட்டவனுக்கு ஆறுதல் கூறுவதும் அவன் செய்ய வேண்டியவையே. உணர்ச்சி குற்றமன்று; அடித்தல் மட்டும் ஏற்கத்தக்கதன்று என்னும் வேறுபாடு இவ்வாறு அவனுக்கு விளங்கும்.

தண்டனையும் காலமும்

2009-ஆம் ஆண்டு இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மாணவரை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சட்டம் பிரம்பை விலக்கிற்று. பிரம்பு இருந்த இடத்தில் எதை வைப்பது என்னும் வினாவிற்கு வகுப்பறையே விடை காண வேண்டும். விடையின்றிப் பிரம்பு மட்டும் நீங்கினால், அதன் இடத்தை ஏளனச் சொல் பிடித்துக்கொள்ளும்.

"பாடத்தை முடிக்கவே நேரமில்லை; இதற்கு ஏது நேரம்?" என்று ஆசிரியர் கேட்கக்கூடும். ஒரே ஆசிரியரைக் கொண்ட பள்ளிகள் இன்றும் பல உள்ள நாட்டில் இவ்வினா நியாயமானதே. உணர்ச்சிப் பயிற்சியும் சமூகப் பயிற்சியும் அளித்த 213 திட்டங்களை, 2,70,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு ஒருங்கே ஆராய்ந்த முடிவு 2011-இல் வெளியாயிற்று. அப்பயிற்சி பெற்றோரின் நடத்தை மட்டுமின்றிப் பாடத் தேர்ச்சியும் உயர்ந்திருந்தது என்பதே அம்முடிவு. இவ்வாராய்ச்சியிற் பெரும்பகுதி அமெரிக்கப் பள்ளிகளைச் சார்ந்தது. நம் வகுப்பறைகளுக்கு அதனை அப்படியே பொருத்திவிட இயலாது. ஆயினும், இதற்கெனச் செலவிடும் நேரம் பாடத்திலிருந்து கழிக்கப்படும் நேரம் அன்று என்பதற்கு அது தக்க சான்றாகும். பென்சில் சண்டைக்காக நாள்தோறும் இழக்கும் நிமிடங்களையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டுமன்றோ?

ஆசிரியரால் மட்டும் தீர்க்கவியலாத துன்பங்களும் உண்டு. குழந்தை தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, முன்பு பேசியது திடீரெனப் பேச்சை நிறுத்திவிட்டாலோ, வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் குறைந்தாலோ, பெற்றோரை அழைத்துப் பரிவுடன் பேசி, மருத்துவரின் ஆலோசனையைப் பெறச் செய்தல் வேண்டும். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், 18 வயது வரையுள்ளோரின் குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் முன்கூட்டியே கண்டறிவதை நோக்கமாகக் கொண்டது.

மீண்டும் அச்சிறுவனிடம் வருவோம். அவன் வகுப்பறைக்கு வெளியே நிற்கும் பத்து நிமிடங்களில், தன் சினம் தன்னைத் தனிமைப்படுத்தும் என்பதை அறிகிறான். பென்சிலை எவ்வாறு கேட்பது என்பதை அறிவதில்லை. அதே பத்து நிமிடங்கள் ஒருவர் அருகில் அமர்ந்து, அவன் மூச்சு தணியும்வரை காத்திருந்து, கேட்க வேண்டிய வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தால், நாளை ஒருகால் அவன் பறிப்பதற்கு முன் கேட்பான். நாளை இல்லையாயின் மறுவாரம் கேட்பான். எழுத்தறிவித்தலில் நாம் காட்டும் அப்பொறுமையை இதிலும் காட்டுதல் ஆசிரியர் கடன்.